பஸ்ஸில் மலையேறிய பென்குயின்

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒரு பென்குயின் ஸ்டிக்கர் வந்தது. பனியில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்திருக்கும் பென்குயின். கீழே "நான் விழலட்டி, உக்காந்து பாக்கேன்" என்று எழுதியிருந்தது. ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மையைப் போட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒருத்தன் மட்டும், "இது நம்ம காலத்துல ப்ளூடூத்ல சுத்துன வீடியோல்லா? அந்தக் குரல் யாருதுலே? கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சே" என்று கேட்டிருந்தான்.

இந்தப் பதில் அவனுக்கு. குரூப்பில் எழுதினால் இரண்டு வரிக்கு மேல் நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் தனியாக எழுதுகிறேன். நமக்கும் வயதாகிவிட்டது. முப்பதைத் தாண்டிக் கொஞ்சதூரம் வந்தவர்கள் இப்படிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் முந்தாநாள் என் மகள் என் பழைய பர்சிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வந்து, "இது என்னம்மா, யார் நகம்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் இளசு என்று சொல்லிக்கொண்டு திரிய எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குரல் என் அத்தையுடையது. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை.

நாம் ஏழாம் வகுப்பு முடித்த கோடை லீவு அது. எங்களுக்கு இரண்டு மாமாக்கள் இருந்தார்கள். அம்மாவின் தம்பி, அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்தவர், கடை மாமா. அத்தையைக் கட்டியவர், மாஞ்சோலை எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்த்தவர், மலை மாமா. வீட்டில் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம், நீங்களும் இப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை மாமாவின் கடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அளவு. ரீசார்ஜ் என்று போர்டில் இருந்தாலும் உண்மையான வியாபாரம் பாட்டு ஏற்றுவதுதான். கார்டைக் கழற்றிக் கொடுத்தால், "புதுசா, பழசா, காமெடியா, கலந்தா?" என்று கேட்பார். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கலந்துதான் கேட்பார்கள். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்போம். சூடான பெட்டியின் வாசனையும் பக்கத்துக் கடைப் பழுத்த பலாவின் வாசனையும் கலந்து அடிக்கும். இப்போதும் எங்காவது பலாப்பழம் அறுத்தால் எனக்கு அந்தப் பச்சைக் கோடுதான் ஞாபகம் வருகிறது.

அன்றைக்கு நெட்டில் ஒரு வீடியோ இறங்குவது லேசான காரியமில்லை. காலையில் மாமா ஆரம்பித்துவைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கும். நடுவில் கரண்டு போனால் முதலிலிருந்து. அதனால் இறங்கிவந்த வீடியோவுக்கு ஒரு மரியாதை இருந்தது. கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் ஆற்றங்கரையிலும் ஒரு போனை நடுவில் வைத்துப் பத்துத் தலை முட்டிக்கொண்டு பார்ப்போம். பிறகு ப்ளூடூத்தைப் போட்டுக்கொண்டு, இரண்டு போனையும் ஒட்டவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். தள்ளி வைத்தாலும் போகும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

மலைமேல் அதுவும் கிடையாது. மாஞ்சோலையிலும் அதற்கு மேலே உள்ள எஸ்டேட்களிலும் டவர் எடுக்காது. அங்கிருப்பவர்கள் தங்கள் மெமரி கார்டுகளைத் துண்டுக் காகிதத்தில் மடித்துப் பேரெழுதி காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அவற்றை ஒரு பழைய சூடம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து மாமாவிடம் தருவார். மாமா புதுப்பாட்டு, புது வீடியோ எல்லாம் ஏற்றி மத்தியான பஸ்ஸில் திருப்பி அனுப்புவார். நம் பக்கத்தில் இணையம் மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் நின்று, கொண்டை ஊசி வளைவெல்லாம் வளைந்து, பஸ்ஸில்தான் மலையேறியது.

அத்தை அந்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வந்தாள். பொங்கலிட்டோம், சாமி கும்பிட்டோம், எல்லோரும் அவரவர் ஊருக்குப் போனார்கள். அத்தை மட்டும் மலைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று நானே தெரிந்துகொண்டேன்.

"இவ சிரிச்சா ஆபீஸ் வரைக்கும் கேக்குன்னு சொல்லுதாராம். சிரிச்சான்னா நாள்கணக்கா அவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசமாட்டாராம். போனையும் வாங்கி வச்சிக்கிட்டாரு" என்றாள் அம்மா.

"அடிச்சாரா? குடிச்சாரா? கொஞ்சம் அமைதி வேணும்னு நினைக்காரு. இதெல்லாம் ஒரு காரணமாட்டி? பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள மாப்பிள்ளையே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காரு. அதுக்குள்ள இவ ஏதும் கோட்டித்தனம் பண்ணாம இருந்தாச் சரி" என்றார் அப்பா.

அப்பா கணக்கு வாத்தியார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலபேர் காதைத் திருகியவர். அவர் கணக்குப்படி, அடியும் குடியும் இல்லாத வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நாள்கணக்காக ஒருத்தியிடம் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய அடி என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அத்தை மாறிவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் சிரித்தால், "ஏட்டி, பைய. ஓடு பறந்துரும்" என்று அப்பாவே சொல்வார். இப்போது தட்டை வைக்கும்போதுகூடச் சத்தம் வராமல் வைத்தாள். வீட்டுக்குள் அவள் நடமாடுவதே தெரியவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

கடை மாமாவின் மனைவி அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அதனால் மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நானும் அத்தையும் போவோம். மாமாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வெளிநாட்டு மிருக வீடியோக்களை இறக்கி, அதில் ஓடும் இங்கிலீஷை அழித்துவிட்டு, நம் ஊர்ப் பேச்சைப் பேசிச் சேர்ப்பார். ஒரு காண்டாமிருகம் ரேஷன் கடையில் சண்டை போடுகிற வீடியோ நினைவிருக்கிறதா? அது அவர் வேலைதான். அவருடைய கற்பனையெல்லாம் அதற்குத்தான் செலவானது, கடைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றைக்குப் பென்குயின்கள். வெள்ளையும் கறுப்புமாக வரிசையாக அசைந்து அசைந்து நடந்துபோயின. அவை கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு அம்பை பஸ்ஸுக்குப் போகிற கூட்டம் என்று மாமா சொன்னார். பஸ் சத்தம் வராமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கினார். காற்றாடிச் சத்தம் வராமல் இருக்க அதையும் நிறுத்தினார். சித்திரை வெயிலில் கடை அவிந்தது. கம்ப்யூட்டரில் செருகியிருந்த மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மாமா முதல் பென்குயினாகப் பேசினார்: "ஏலே, பைய போங்க. ரசம் இன்னும் வயித்துல ஆடுது." குஞ்சுப் பென்குயின் நான்: "யப்பா, என்னத் தூக்கு." கடைசியில் வரும் பெரிய பென்குயின் சறுக்கி விழவேண்டும். அதற்கு நான் "ஐயோ விழுந்துட்டேன்" என்றேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுல என்ன சிரிப்பு இருக்கு? விழுந்தது எல்லாருக்கும் தெரியுதுல்லா. வேற ஏதாவது சொல்லணும்."

தூக்குவாளியோடு மூலையில் நின்ற அத்தை, யாரும் கேட்காமல், "நான் விழலட்டி, உக்காந்து பாக்கேன்" என்றாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். "மைனி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார். அத்தை சொன்னாள். சொன்ன கையோடு, வந்துவிட்டது அந்தப் பழைய சிரிப்பு. மைக் தாங்கவில்லை. கம்ப்யூட்டரில் கோடுகள் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நின்றன. வெளியே அதே நேரத்தில் ஏதோ ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. எல்லாமே பதிவாகிவிட்டது. "இருக்கட்டும், பஸ் போயிட்டுன்னு நினைச்சுக்குவாங்க" என்று மாமா அப்படியே விட்டார். விழுகிற சத்தத்துக்கு ஈரத் துண்டைத் தரையில் அடித்தோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை சொன்னாள், அது சும்மா வாயில் வந்த வார்த்தை இல்லையாம். மலையில் அவர்கள் வீட்டுப் படியில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். ஒருநாள் குடத்தோடு வழுக்கி விழுந்தாளாம். அடுத்த வீட்டு அக்கா பதறிக்கொண்டு ஓடிவர, இவள் இதைச் சொல்லியிருக்கிறாள். இரண்டுபேரும் நனைந்துகொண்டே படியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். "அன்னைக்குப் பேசாம இருக்க ஆரம்பிச்சவருதான். நான் சாஸ்தா கோயிலுக்குப் புறப்படுத வரைக்கும் பேசல" என்றாள். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த வீடியோ எப்படிப் பரவியது என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, பரப்பியதே நாம்தானே. மலைக்குப் போகிற கார்டுகளில் மட்டும் மாமா அதை ஏற்றாமல் விட்டிருந்தார். ஒரு வாரத்தில் அம்பையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் பேச்சுக்குப் பேச்சு அதுதான். சேற்றில் டிராக்டர் இறங்கினால் டிரைவர் அதைச் சொன்னான். கிரிக்கெட்டில் முதல் பந்தில் அவுட்டானவன் அதைச் சொன்னான். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் தோற்றவரை டீக்கடையில் விசாரித்தால், "உக்காந்து பாக்கேன் வே" என்றாராம். அத்தை தன் குரல் ஊரெல்லாம் நடக்கிறதைக் கேட்டுக்கொண்டு, தலைகுனிந்து, தூக்குவாளியோடு கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்தாள். அவள் யாரென்று எவருக்கும் தெரியாது. அந்த மாதம் முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அப்பா அதைப் பஸ்ஸில் கேட்டார். முன் சீட்டில் யாரோ போட்டிருக்கிறார்கள், பஸ்ஸே சிரித்திருக்கிறது. "சார் மொதல்ல நல்லாத்தான் சிரிச்சாரு. கடசியில அந்தச் சிரிப்பாணிச் சத்தம் வந்துச்சு பாருங்க, பொறவுதான் மூஞ்சி மாறிட்டு" என்று அந்த பஸ்ஸில் வந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். வேறு யாருக்கும் தெரியாத குரலை அண்ணன்காரனுக்குத் தெரியாமல் போகுமா?

வீட்டுக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. கடை மாமாவைக் கூப்பிட்டு, "மாப்பிள்ள வாரதுக்கு முந்தி இது எங்கயும் இருக்கக் கூடாது" என்றார். மாமா தலையைச் சொறிந்தார். "அத்தான், இது ஆத்துல விட்ட தண்ணி மாதிரி. எங்கன போயி அள்ளுவீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு அது சவாலாகப் பட்டது. ஆற்றோரமாக இருக்கிற அத்தனை செல்போன் கடையிலும் உட்கார்ந்திருப்பது தன்னிடம் படித்த பயல்கள்தானே என்று கணக்குப் போட்டார். அது சரியான கணக்குதான். மறுநாளே கிளம்பினார். போனில் பட்டன் அமுக்கத் தெரியாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த வீடியோ என்று காட்டுவதற்காக அதை அவருடைய போனிலும் ஏற்றிக்கொண்டோம்.

கல்லிடைக்குறிச்சியில் முதல் கடை. அப்பாவைப் பார்த்ததும் கடைக்காரன் மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"ஏலே, உங்கிட்ட ஒரு வீடியோ இருக்கா? பறவைங்க வரிசையா நடந்து போகும்."

"எந்தப் பறவை சார்?"

"பறக்காத பறவை. ஒண்ணு வழுக்கி விழும்." அப்பா கொஞ்சம் தயங்கினார். "விழுந்துட்டு, விழலன்னு சொல்லும்."

அவன் விழித்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். கடையில் நின்ற நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். சார் முன்னால் சிரிக்கக் கூடாதே என்று ஒருத்தன் வெளியே ஓடினான்.

"இது எங்கிட்ட வரவே இல்ல சார்" என்றான் கடைக்காரன்.

"வந்தா அழிச்சிரணும். யாரு கேட்டாலும் ஏத்திக் குடுக்கக் கூடாது. கேட்டியா?"

"சரி சார். ஆனா வந்தா எப்படி சார் தெரியும்? ஆயிரம் வீடியோ வருது. மாதிரிக்கு ஒண்ணு இங்கன இருந்துச்சுன்னா ஒப்பிட்டுப் பாத்து அழிச்சிருவேன்."

அப்பா யோசித்தார். "அதுவும் நியாயந்தான்" என்றார். "ஏட்டி, அனுப்பு அவனுக்கு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போனோடு போனை ஒட்டவைத்து அனுப்பினேன். வீரவநல்லூரில் ஒன்று, சேரன்மகாதேவியில் ஒன்று, பேட்டையில் ஒன்று என்று, கேட்கிற கடைக்கெல்லாம் அழிப்பதற்கு மாதிரி கொடுத்துக்கொண்டே போனோம். அதுவரை அந்த வீடியோ எட்டாத கடைகளுக்கும் கணக்கு சார் நேரில் போய்ச் சேர்ப்பித்தார். சார் அழிக்கச் சொன்ன வீடியோ என்றால் ஏதோ விசேஷம் இருக்கும் என்று அதற்கு மவுசு கூடிவிட்டது. ஜங்ஷனில் இறங்கி அல்வாவும் வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்த களைப்போடு வீடு திரும்பினோம். இன்றைக்கு வீடியோ பரப்புவதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்களாம். எங்கப்பா அதைக் கைக்காசு போட்டு, பஸ்ஸேறிப்போய்ச் செய்தார்.

அன்று சாப்பிடும்போது அப்பா நிம்மதியாகச் சொன்னார்: "கீழ முழுக்க முடிஞ்சுது. மலையப் பத்திக் கவலையே இல்ல. அங்க டவரே கிடையாது. மாப்பிள்ள காதுக்குப் போக வழியே இல்ல." அத்தை அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தூக்குவாளியை மாமா முன்னால் வைத்துவிட்டு அத்தை கேட்டாள்: "ஒரு கார்டு குடுங்க. அதுல அந்த வீடியோவ மட்டும் போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அத்தான் ஊரு ஊரா அழிச்சிக்கிட்டுத் திரியுதாரு. இப்பம் யாருக்கு மைனி?"

அத்தை துண்டுக் காகிதத்தில் பேரை எழுதி அவர்முன் வைத்தாள். மாமா அதை எடுத்து இரண்டு தடவை படித்தார். மலை மாமாவின் பேர்.

"யோசிச்சுத்தான் செய்யுதீங்களா?"

"மலையிலருந்து எறங்குன நாள்லருந்து அத மட்டுந்தான் செய்யுதேன்."

பச்சைக் கோடு போய்ச் சேரும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கார்டை மடித்து எடுத்துக்கொண்டு அத்தை ரோட்டைத் தாண்டி மலை பஸ்ஸுக்குப் போனாள். கண்டக்டர் சூடம் டப்பாவைத் திறந்து நீட்டினார். "எஸ்டேட் ஆபீஸ்ல எங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்துருங்க அண்ணாச்சி. வழியில யாரும் கேட்டாலும் போட்டுக் காட்டுங்க" என்றாள். அத்தை சமாதானமாகிவிட்டாள், மாமாவைச் சிரிக்கவைக்க ஆசைப்பட்டு அனுப்புகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில், பிறகு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு வேறொன்று இருக்கிறது. அத்தை பிறகு கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் போகிறாள். கம்பெனி வேன் தெருவுக்குள் நுழையும்போதே அவள் சத்தம் கேட்கும். மறுகல்யாணத்துக்குச் சிலர் கேட்டுவந்தார்கள், அவள் பிரியப்படவில்லை. கடை மாமாவின் கம்ப்யூட்டர் ஒரு இடியில் கருகிப்போனது. எங்களிடமிருந்த வீடியோக்கள் போனோடு போனாகத் தொலைந்தன, என் பர்சில் கிடந்த கார்டிலும் அது இல்லை. இப்போது ஸ்டிக்கர் போட்டாளே, ஹாஸ்டலில் தங்கி நம்மோடு படித்த மலைக்காரி, அவளுடைய அம்மாதான் அன்றைக்குப் படியில் அத்தையோடு நனைந்த அடுத்த வீட்டு அக்கா. எஸ்டேட்டை மூடியதால் மாஞ்சோலையைக் காலிசெய்துகொண்டு எல்லோரும் கீழே இறங்கினபோது, அந்த அம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். ஆற்றோரம் முழுக்க மாதிரி கொடுத்தும் மிஞ்சியது அந்த ஒன்றுதான். மகளோ அதிலிருந்து ஸ்டிக்கர் செய்து, நம்மைச் சிரிக்கவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல இருக்கிறாள்.

வீடியோவை எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள். நான் அதைப் பார்த்து அழுதேன். அப்பா இப்போது இல்லை. அந்தப் பென்குயின் விழுந்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அது ஏன் என்றுதான் இனிச் சொல்லப்போகிறேன்.

மலை மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. அம்மா வாசல் தெளித்து, இனிப்புச் செய்து, அத்தையின் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி டம்ளரைத் தொடவில்லை. பையிலிருந்து போனை எடுத்து ஸ்டூலில் வைத்து அமுக்கினார். ரசம் வயிற்றில் ஆடியது. குஞ்சு தூக்கச் சொல்லி அழுதது. ஈரத் துண்டு விழுந்தது. அத்தை சிரித்தாள், பஸ் ஹாரன் அடித்தது.

"எஸ்டேட் லைன் வீட்டுச் சின்னப்புள்ளைங்க எல்லாம் என்னப் பாத்தா இதத்தான் மச்சான் சொல்லுது" என்றார் மலை மாமா. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் பேசவில்லை.

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "மாப்பிள்ள, நான் எல்லா எடத்துலயும் அழிச்சிட்டேன். மலைக்கு வர வழியே இல்லையே. யாரு அனுப்புனா?"

"நாந்தாண்ணே" என்று அத்தை அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "பேரெழுதித்தான் அனுப்புனேன்."

மலை மாமா அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நான் என்ன பெருசாக் கேட்டேன் மச்சான்? வீட்டுல கொஞ்சம் அமைதி."

"கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ கேட்டுக்கிடணும்னுதான் அனுப்புனேன்" என்றாள் அத்தை. "நான் வந்தா இந்தச் சத்தமும் கூடத்தான் வரும். இத மலையில விட்டுட்டு எறங்குன மாதிரி இங்க விட்டுட்டு ஏற முடியாது. வேணும்னா கூப்பிடுங்க, இப்பமே வாரேன். பெட்டி கட்டித்தான் இருக்கு."

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். அவர் ஒரு வார்த்தை வா என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் போனை எடுத்துப் பையில் போட்டார், குடையை எடுத்தார். "வேண்டாம் மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

"மாப்பிள்ள, காப்பியாவது குடிச்சிட்டு..." என்று அப்பா பின்னாலேயே ஓடினார். காலையில் அம்மா தெளித்த தண்ணீர் முற்றத்துக் கல்லில் காயாமல் கிடந்தது. அப்பா அதில் காலை வைத்தார். கணக்கு சார், ஆற்றோரத்துப் பயல்கள் எல்லாம் எழுந்து நிற்கிற சார், வேட்டி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பொத்தென்று விழுந்தார். மலை மாமா திரும்பிப் பார்க்கவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தை ஓடிப்போய்க் கையை நீட்டினாள். "அண்ணே, அடிபட்டுட்டா?" என்று கேட்டாள். அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சாத்திய கேட்டைப் பார்த்தார். கட்டிவைத்த பெட்டியைப் பார்த்தார். பிறகு தங்கச்சியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவளை அவர் அப்படிப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

"நான் விழலட்டி" என்றார் அப்பா. "உக்காந்து பாக்கேன்."

அத்தை சிரித்தாள். முதலில் அழுகைமாதிரித்தான் வந்தது, பிறகு முழுசாக வந்தது. ஈரக் கல்லில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அண்ணன் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அப்பா அவளிடம் "பைய" என்று சொல்லவில்லை. மலை மாமா அப்போது தெருமுனையைத் தாண்டியிருக்கமாட்டார். அவருக்கும் கேட்டிருக்கும்.